முறுக்கு டப்பாவில் பழைய பேட்டரியைப் போடாதீர்கள்

சென்னிமலையில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டார்ச், எமர்ஜென்சி லைட், ரேடியோ, சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட், குழந்தைகளின் பொம்மை என்று பேட்டரியில் ஓடும் எதுவானாலும் என் மேசைக்கு வந்துவிடும். 20 வருடமாக இதே வேலை. வருகிற பொருள் பலவற்றில் மெஷின் கெட்டிருக்காது. உள்ளே மறந்துவிட்ட பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கை அரித்திருக்கும், அவ்வளவுதான். சுத்தம் செய்து கொடுக்கும்போது, "இந்தப் பழைய கட்டையை என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்பேன். "வீசிப்போட வேண்டியதுதானுங்க, அதுலதான் ஒண்ணும் இல்லையே" என்பார்கள். அதில் நிறைய இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கே இது உறைத்தது என் அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், வீட்டில்தான். காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் அவர் இருந்தார். எதையும் எறிய மனசு வராது. அலமாரியில் ஒரு தகர முறுக்கு டப்பா. ஊக்கு, சாவி, சட்டைப் பட்டன், ஆணி, தீர்ந்த பேட்டரி எல்லாம் அதற்குள் போகும். ஒரு பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடிக்கும்போது அந்த டப்பாவைத் தூக்கினேன். அடிப்பக்கம் சுட்டது. மூடியைத் திறந்தால், ஒரு 9 வோல்ட் பேட்டரியின் தலைமேல் ஊக்கு ஒன்று குறுக்கே கிடந்தது. அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு ரூபாய் அளவுக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது. பக்கத்திலேயே ஒரு நூல்கண்டு. நாங்கள் அன்றைக்கு ஒட்டடை அடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அந்த பேட்டரி வோல்ட் அளக்கிற என் மல்டிமீட்டரிலிருந்து நானே கழற்றி வைத்தது. "தீந்து போச்சுன்னுதானே கண்ணு சொன்னே?" என்று அம்முச்சி கேட்டார். மீட்டர் அப்படித்தான் காட்டியது. 9 வோல்ட் 7 பக்கம் இறங்கினாலே மீட்டர் 'பேட்டரி மாற்று' என்று சொல்லிவிடும். மீட்டருக்குப் போதாத அந்த மிச்சம், ஒரு ஊக்கைச் சூடேற்றப் போதும்.

அந்தச் சதுர பேட்டரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மற்ற பேட்டரிகளுக்குப் பிளஸ் ஒரு முனையிலும் மைனஸ் மறுமுனையிலும் இருக்கும். இதற்கு இரண்டும் தலையிலேயே அருகருகே இருக்கின்றன. சின்ன வட்டக் குமிழ் பிளஸ், பூ மாதிரி விரிந்த பெரியது மைனஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்நுனி அளவுகூட இடமில்லை. சாவி, சில்லறைக் காசு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், இன்னொரு 9 வோல்ட் பேட்டரி, எது பட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். கழற்றின கையோடு தலைமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். செல்லோ டேப்பும் போதும். இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

எடுத்து வைக்க என்ன பாத்திரம் என்றால், தகரமும் எவர்சில்வரும் வேண்டாம். மூடி நன்றாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவோ ஊறுகாய் பாட்டிலோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. அடுப்புப் பக்கமும் வேண்டாம், வெயில் காலத்தில் கொதிக்கிற தகரக் கூரைக்கு அடியில் பரண்மேலும் வேண்டாம். பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் வைக்கிற மூலையும் கூடாது. குழந்தைக்கு எட்டாத, நிழலான ஒரு தட்டு போதும். சாதாரண பென்சில் பேட்டரியும் டார்ச் கட்டையும் அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது. ஆனால் கலந்து கிடந்தால் ஒன்றை ஒன்று தொட்டுச் சூடாகும், கசியும். அவற்றுக்கும் முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டுவதே நல்லது. பாட்டில்மேல் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு பழக்கம். எங்கள் தலைமுறையில் எல்லோரும் செய்ததுதான்: ரேடியோ மங்கினால் பேட்டரியை வெயிலில் காயவைப்பது, பல்லால் கடிப்பது, வெந்நீரில் போடுவது. கொஞ்ச நேரம் பாடும், உண்மைதான். ஆனால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி உறை வாயைப் பிளக்கும். பழையதும் புதியதுமாகக் கலந்து போடுவதும் அப்படித்தான். பலமான புதுசு, வற்றிப்போன பழசைத் தலைகீழாக ஓட்டும், பழசு கசியும். மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு எடுக்கப்போவதில்லை என்று தெரிந்த டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சரி, ஏற்கெனவே கசிந்துவிட்டது என்றால்? ரிமோட்டைத் திறக்கிறீர்கள், ஸ்பிரிங்மேல் உப்புப் பூத்தமாதிரி வெள்ளைப் பொருக்கு. அதை ஊதாதீர்கள், விரலால் சுரண்டாதீர்கள். அல்கலைன் என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலையும் கண்ணையும் அரிக்கும் காரம். கையுறை இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்துத் தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ தோய்த்து, சொட்டு வழியாதபடி பிழிந்து, பொருக்கின்மேல் வையுங்கள். நுரைத்துக்கொண்டு மெல்லக் கரையும். துடைத்து, புதுக் குச்சியில் இன்னொரு முறை. அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்த குச்சி, கடைசியில் உலர்ந்த துணி. ஒரு நாள் திறந்தபடியே காயவிட்டுப் புது பேட்டரி போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். ஸ்பிரிங் பச்சையாக அரித்துப்போயிருந்தால் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுங்கள். சாதாரண மலிவு விலைக் கட்டை, அதாவது அல்கலைன் அல்லாத கார்பன் பேட்டரி, கசிந்தால் லேசான அமிலத்தன்மை. அதற்கு எலுமிச்சை வேண்டாம், ஆப்பசோடா கரைத்த தண்ணீர்தான். கண்ணில் பட்டுவிட்டால் குழாயைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, நேராக டாக்டரிடம்.

இப்போது சொல்லப்போவதைக் கைக்குழந்தை, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை படியுங்கள். கார் சாவி, எடை மெஷின், பாட்டுப் பாடும் பொம்மை, சாமிபடத்துக்கு முன்னால் மினுங்குகிற விளக்கு இவற்றில் எல்லாம் வட்டக் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. பட்டன் பேட்டரி என்பார்கள். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். அந்த அகலம்தான் ஆபத்து: குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே உள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடி, மைனஸ் பக்கத்துச் சதையில் காரம் உண்டாகிறது. பேட்டரி உடையவே வேண்டாம், கசியவும் வேண்டாம். 2 மணி நேரத்தில் சதை வெந்து ஓட்டை விழத் தொடங்கிவிடும். தீர்ந்த பேட்டரியும் இதைச் செய்யும். குழந்தை எச்சில் வடிக்கும், சாப்பிட மறுக்கும், இருமும். சில குழந்தைகள் ஒன்றுமே காட்டாமல் விளையாடிக்கொண்டிருக்கும்.

விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் உடனே வண்டி எடுத்து, எண்டோஸ்கோபி, அதாவது வாய்வழியாகக் குழாய் விட்டு எடுக்கிற வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "மலத்தோட வந்துரும் சாமி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லும்போதே 'பட்டன் பேட்டரியாக இருக்கலாம்' என்று சொல்லுங்கள். படத்தில் காசு போலவே தெரியும், ஓரத்தில் இரட்டை வளையம் இருந்தால்தான் பேட்டரி. ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தை என்றால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால் மட்டும்தான் இது. தேன் தேடிக்கொண்டு வீட்டில் நிற்காதீர்கள். இந்தப் பேட்டரியைக் கழற்றியவுடன் இரண்டு பக்கத்தையும் சேர்த்து டேப்பைச் சுற்றி உருட்டி, உடனே பாட்டிலுக்குள் போட்டு மூடுங்கள். மேசைமேல் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள்.

செல்போன், பவர் பேங்க், தலையில் மாட்டும் லைட் இவற்றில் இருப்பது லித்தியம் பேட்டரி. ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவர்கள் எல்லோரிடமும் இப்போது அந்தத் தலை லைட் இருக்கிறது. பழைய போன் அலமாரியில் கிடந்து உப்பிப்போனால், அதைச் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள்; அமுக்காதீர்கள்; காற்றை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. ஒரு மண்சட்டியில் காய்ந்த மணல் போட்டு, அதில் போனை வைத்து, மேலேயும் மணல் தூவி, வாசலுக்கு வெளியே நிழலில் வைத்துவிடுங்கள். கூரையும் வைக்கோல்போரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். புகைய ஆரம்பித்தால் அந்தப் புகையைச் சுவாசிக்காமல் ஆட்களை வெளியேற்றிவிட்டு 101-க்குப் போன் செய்யுங்கள்.

2012-இல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது எங்கள் பக்கம் நிறைய வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது. அந்தப் பெரிய பேட்டரிக்குள் ஈயமும் கந்தக அமிலமும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும். மாடிப்படிக்கு அடியில் காற்றே இல்லாத பொந்தில் அதை வைத்து, மேலே சாமி மாடம் வைத்து விளக்கேற்றுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விளக்கை இடம் மாற்றுங்கள், அல்லது பேட்டரியை இடம் மாற்றுங்கள். பழசாகும்போது இதைக் கொடுப்பது சுலபம். புது பேட்டரி விற்கிற டீலரே பழசை விலைபோட்டு எடுத்துக்கொள்வார். பழைய இரும்பு எடுக்கிறவர் ஐம்பது நூறு கூடக் கொடுப்பார் என்று அவரிடம் போடாதீர்கள். உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குகிற இடத்துக்கு அது போய்ச்சேரலாம். அந்தப் புகையில் இருக்கிற ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

தோட்டங்காட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டார்ச் கட்டை தீர்ந்தால் கை தானாகக் குப்பைக்குழிக்குப் போகிறது. கட்டுத்தரைச் சாணியும் அந்தக் கட்டையும் ஒன்றாக மக்கி, வருடத்துக்கு ஒருமுறை வண்டியேறி மஞ்சக்காட்டுக்குப் போகிறது. சாணி மக்கும், கட்டை மக்காது. துத்தநாகக் கூடு அரித்து உள்ளே இருக்கிற கறுப்பு மாவு எருவில் கலக்கும். பழைய எமர்ஜென்சி லைட்டின் நிக்கல் காட்மியம் பேட்டரி என்றால் இன்னும் மோசம். காட்மியத்தை வேர் உறிஞ்சிக்கொள்ளும், சாப்பிடுகிறவர் சிறுநீரகத்தில் தங்கும். பேட்டரிமேல் 'சிடி' (Cd) என்றோ 'பிபி' (Pb) என்றோ ஆங்கில எழுத்து இருந்தால் முன்னது காட்மியம், பின்னது ஈயம். கரும்புச் சோகை, தென்னமட்டையோடு சேர்த்து எரிப்பதும் கூடாது. மூடிய உறை சூட்டில் வெடிக்கும். கிணற்றில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத்தானே மாடும் நாமும் குடிக்கிறோம்.

எங்கே கொடுப்பது? 2022-இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள்படி, பென்சில் பேட்டரியிலிருந்து எல்லா வகையையும் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்யவேண்டியது தயாரிக்கிற நிறுவனத்தின் பொறுப்பு. குப்பையோடு கலக்காமல் பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு. உறைமேல் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது அதற்குத்தான். வாங்கின கடையில் முதலில் கேளுங்கள். ஊராட்சியில் தூய்மைக் காவலர் வரும்போது தனிப் பையில் கட்டி, "இது பேட்டரிங்க" என்று வாயால் சொல்லிக் கையில் கொடுங்கள். சும்மா போட்டுவிட்டால் அவர் வெறும் கையால் பிரிக்கும்போதுதான் தெரியும். லித்தியமாக இருந்து குப்பை வண்டியில் நசுங்கினால் வண்டியே பற்றிக்கொள்ளும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் எவை என்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்கலாம். ஈரோடு, திருப்பூர், கோவை மூன்று ஊரிலும் மாவட்ட அலுவலகம் இருக்கிறது.

என் கடை மேசையில் இப்போது ஒரு ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே நூலில் கட்டித் தொங்கும் டேப் சுருள். பேட்டரி கொண்டுவருகிறவர்கள் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போடவேண்டும். நிறைந்ததும் ஈரோட்டுக்குச் சாமான் எடுக்கப் போகிற அன்றைக்கு நானே எடுத்துப்போய்க் கொடுத்துவிடுகிறேன். உங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடையோ நூலகமோ இப்படி ஒரு டப்பாவுக்கு இடம் கொடுத்தால் போதும். டேப் வாங்கி வைக்க மறந்துவிடாதீர்கள்.