மூளையில் கட்டி, ஆனால் ஆபரேஷன் வேண்டாம்: காத்திருக்கும் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதால் எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் அது தெரிந்தது. அடிபட்ட இடத்தில் ஒன்றுமில்லை. அதற்கு எதிர்ப்பக்கம், உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே, 18 மில்லிமீட்டரில் ஒரு கட்டி. மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ஃபிலிமை விளக்கு முன் வைத்துப் பார்த்த நியூரோசர்ஜன், "மெனிஞ்சியோமா மாதிரி இருக்கும்மா. இப்போ ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார். மூளையில் கட்டி என்று சொன்ன அதே வாயால் ஒன்றும் பண்ண வேண்டாம் என்றும் சொல்கிறாரே என்று நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது எனக்கு 41 வயது. எட்டு வருடமாகிறது, கட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்த எட்டு வருடத்தில் கட்டி எனக்குக் கொடுத்த தொல்லையைவிட, அதைப் பார்த்துக்கொண்ட விதத்தில் நான் செய்த தவறுகள் கொடுத்த தொல்லைதான் அதிகம்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மெனிஞ்சியோமா மூளைக்குள் முளைப்பதல்ல. மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் முளைத்து, மெல்ல மெல்ல மூளையை அழுத்தக்கூடியது. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1922-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். பெரியவர்களுக்கு வேறெங்கிருந்தும் பரவாமல் மூளைப் பகுதியிலேயே தோன்றும் கட்டிகளில் இதுதான் மிக அதிகம். பெண்களுக்கு அதிகம் வரும். பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 45 வயதைத் தாண்டிய 2,000 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் 18 பேருக்கு மெனிஞ்சியோமா இருந்தது. நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒருவர்! ஆக, என்னைப் போல வழுக்கி விழாததால் தெரியாமலே நடமாடுகிறவர்கள் ஏராளம்.

முதல் ஆறு மாத ஸ்கேனைத் தள்ளிப்போடுவது

"ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "ஆறு மாசம் கழிச்சு" என்பதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நானும் ஒன்பதாவது மாதம்தான் போனேன். மகளுக்குப் பரீட்சை, அப்புறம் ஒரு கல்யாணம்.

அந்த முதல் மறு ஸ்கேன்தான் எல்லாவற்றிலும் முக்கியம். டாக்டர் "மெனிஞ்சியோமா மாதிரி" என்றுதான் சொன்னார், "மெனிஞ்சியோமா" என்று சொல்லவில்லை. சதை எடுத்துச் சோதிக்காமல் படத்தை வைத்துச் சொல்வதால் அந்த "மாதிரி". வேறோர் இடத்துப் புற்றுநோய், உதாரணத்துக்கு மார்பகப் புற்று, மூளைச் சவ்வுக்குப் பரவினாலும் படத்தில் சில சமயம் இப்படியே தெரியும். அது வேகமாக வளரும், இது பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஐரோப்பிய நரம்புப் புற்றியல் சங்கத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று, தொந்தரவில்லாமல் ஐந்து ஆண்டு ஓடிவிட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒன்று. உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருட ஸ்கேனோடு மட்டும் ஒப்பிடுவது

என் தவறுகளில் பெரியது இது. வருடா வருடம் ஸ்கேன் எடுப்பேன். ரிப்போர்ட்டின் கடைசி வரி "முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்று இருக்கும். வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆறாவது வருடம் பழைய டாக்டர் ஓய்வு பெற்றதால் புதியவரிடம் போனேன். அவர் போன வருடப் படத்தைத் தொடவே இல்லை. "முதல் ஸ்கேன் இருக்கா?" என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எனக்கே தெரிந்தது. 18 மில்லிமீட்டர் 24 ஆகியிருந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் எல்லாம் அளக்கிறவர் கோட்டை எங்கே போடுகிறார் என்பதிலேயே வந்து போகிற வித்தியாசம். அதை "வளர்ச்சி" என்று எந்த ரேடியாலஜிஸ்ட்டும் எழுத மாட்டார், எழுதவும் கூடாது. பக்கத்து வருடத்தோடு மட்டும் ஒப்பிட்டால் மெல்ல வளரும் கட்டி எந்த வருடமும் மாட்டாது. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 18 என்பது 24 ஆவது மூன்றில் ஒரு பங்கு கூடுவதாகத்தான் காதில் விழும். ஆனால் கட்டி உருண்டை, எல்லாப் பக்கமும் கூடுகிறது. கன அளவில் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. மூன்றாவது வருடம் கட்டணம் குறைவு என்று வேறொரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். 22 மில்லிமீட்டர் என்று வந்தது. இரண்டு நாள் வீட்டில் சோறு இறங்கவில்லை. பார்த்தால், அங்கே படத்தைத் தடிமனான துண்டுகளாக எடுத்திருந்தார்கள், சாய்வும் வேறு. பழைய இடத்திலேயே மறுபடி எடுத்தபோது 21. மிச்சம் பிடித்த காசு இரண்டு மடங்காகப் போனது.

அதனால், முடிந்தவரை ஒரே சென்டர், ஒரே முறை. முதல் தடவை கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்திருந்தால், டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் தவிர, அப்புறமும் அப்படியே. இந்தக் கட்டி கான்ட்ராஸ்டை உறிஞ்சிக்கொண்டு பளிச்சென்று தெரியும், ஓரம் சரியாகப் பிடிபடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். ஃபிலிம் மட்டும் போதாது. அது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான், சுருட்டி வைத்தால் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் வெளுக்கும். முழுப் படங்களும் உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பென்டிரைவில் ஒரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள். பல சென்டர்கள் பழைய படங்களைச் சில வருடங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

ரிப்போர்ட்டில் அளவை மட்டும் பார்க்கிற பழக்கமும் எனக்கு இருந்தது. கட்டியில் கால்சியம் படிந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் பயந்தேன். உண்மையில் அது நல்ல செய்தி, அப்படிப்பட்டவை பெரும்பாலும் மெதுவாகவே வளரும். கட்டியைச் சுற்றி 'எடிமா', அதாவது மூளையில் நீர்கோத்த வீக்கம், இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அளவு கூடாவிட்டாலும் வீக்கம் புதிதாக வந்திருந்தால் அது பேச வேண்டிய விஷயம்.

மற்ற டாக்டர்களிடம் சொல்லாமல் விடுவது

கர்ப்பப்பைக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் நினைத்தேன். மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு என்று போனபோது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு முறை போட்டுக்கொண்டேன். தலையில் கட்டி இருப்பதை அந்த டாக்டர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

சம்பந்தம் இருக்கிறது. மெனிஞ்சியோமாக்களில் பெரும்பாலானவற்றில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. நான் போட்டுக்கொண்டது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், புரோஜெஸ்டிரோனைப் போலவே வேலை செய்யும் மருந்து. நம் அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் கருத்தடைக்காகக் கொடுப்பதும் இதே மருந்துதான். இந்த ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து போட்டுக்கொண்ட பெண்களுக்கு, ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு மெனிஞ்சியோமா வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடியிருந்ததாக 2024-இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று வந்தது. கட்டி இல்லாதவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம், அடிப்படை வாய்ப்பே மிகக் குறைவு. கட்டி இருப்பவர்கள் விஷயம் வேறு. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக அல்லாமல் இவர்களுக்கு இந்த ஊசி கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை அதே ஆண்டு சொன்னது.

சைப்ரோடிரோன் என்ற மருந்தும் இந்த வகைதான். நம் ஊரில் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), முகப்பரு, தேவையில்லாத முடி வளர்ச்சி என்று போகிற பெண்களுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளில் இது சிறிய அளவில் இருக்கும். அந்தச் சிறிய அளவும் மெனிஞ்சியோமா உள்ளவர்களுக்குக் கூடாது என்பது 2020-இலேயே ஐரோப்பாவில் வந்த எச்சரிக்கை. ஹார்மோன் எல்லாமே கெட்டது என்றும் இல்லை. அதே பிரெஞ்சு ஆய்வில், கர்ப்பப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள காயிலால் ஆபத்து கூடவில்லை. ஆகவே பயந்துகொண்டு உதிரப்போக்கைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, சொன்னால் மாற்று கிடைக்கும். திருவிழாவுக்காகத் தேதியைத் தள்ளிப்போட மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை உட்பட, எந்த ஹார்மோன் மருந்துக்கு முன்னும் "எனக்கு மெனிஞ்சியோமா இருக்கிறது" என்ற ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள்.

அந்த இரண்டு ஊசியால்தான் என் கட்டி வளர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டி வளர்ந்திருப்பதைப் பார்த்ததும் புதிய டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, ஹார்மோன் மருந்து ஏதாவது எடுத்தீர்களா என்பதுதான்.

எல்லாவற்றையும் கட்டியின் தலையில் போடுவது

இரண்டாவது வருடம் பதினைந்து நாள் விடாத தலைவலி. அவ்வளவுதான், வெடிக்கப் போகிறது என்று முடிவு கட்டி, நேரம் வருமுன்பே ஸ்கேன் எடுத்தேன். கட்டி அப்படியே இருந்தது. கடைசியில் கண் டாக்டர்தான் கண்டுபிடித்தார்: வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டதும் தலைவலி போய்விட்டது. கட்டி இருப்பவருக்கும் மற்றவர்களுக்கு வரும் மைக்ரேன், ரத்த அழுத்தம், தூக்கமின்மை எல்லாம் வரும்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. பழகிவிட்டதால் எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது. ஃபிட்ஸ், ஒரு கையோ காலோ பலமிழப்பது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, காலையில் எழும்போதே வாந்தியோடு நாளுக்கு நாள் கூடும் தலைவலி ஆகியவற்றுக்கு அடுத்த ஸ்கேன் தேதிவரை காத்திருக்கக்கூடாது. இன்னொன்று நோயாளிக்கே தெரியாது. நெற்றிப் பக்கக் கட்டி குணத்தை மாற்றும். கலகலப்பானவர் ஒதுங்கிப் போவார், கணக்கில் கெட்டிக்காரர் தடுமாறுவார். வயதாகிவிட்டது, மனக்கஷ்டம் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். ஆகவே எதைக் கவனிக்க வேண்டும் என்று கூட இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபிட்ஸ் ஒருமுறைகூட வராதபோது "எதற்கும் இருக்கட்டும்" என்று ஃபிட்ஸ் மாத்திரை போடுவதை இப்போதைய வழிகாட்டுதல்கள் ஆதரிப்பதில்லை. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கட்டியைக் கரைக்கும் சூரணம், கஷாயம் பற்றி ஒரே வரி: மெனிஞ்சியோமாவைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை, ஈரலைக் கெடுக்கும் சூரணங்கள் உண்டு. மொட்டை போடுவதாக என் அம்மா பழனிக்கு வேண்டிக்கொண்டார். போட்டேன். அதில் ஒரு கெடுதலும் இல்லை, ஸ்கேன் தேதிக்கு மறக்காமல் போனால் சரி.

இன்ஷூரன்ஸில் மறைப்பது

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் படிவத்தில் கட்டியை எழுதாதே, பிரீமியம் ஏறிவிடும் என்று ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கு மூன்று வருடத்துக்கு மேல் காத்திருக்க வைக்க முடியாது என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதியை மாற்றிவிட்டது. சொல்லிவிட்டு எடுத்தால் அதிகபட்சம் 36 மாதம். மெதுவாக வளரும் கட்டிக்கு அது பெரிய காலமே இல்லை. மறைத்து எடுத்தால், ஆபரேஷன் தேவைப்படும் நாளில் பழைய எம்.ஆர்.ஐ. தேதியைப் பார்த்து மறுத்துவிடக்கூடும்.

எதுவரை காத்திருப்பது என்று கேட்காமல் விடுவது

ஆறு வருடம் இதை நான் கேட்கவே இல்லை. கேட்டால் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். பார்வை நரம்புக்குப் பக்கத்தில் இருந்தால் சின்னக் கட்டிக்கே சீக்கிரம் சிகிச்சை தேவைப்படலாம். என்னுடையதைப் போல மண்டையோட்டுக்கு அடியில் மேலாக இருந்தால் எடுப்பது ஒப்பீட்டளவில் எளிது, அதனால் பொறுக்கலாம். வயதும் கணக்கில் வரும்: 75 வயதில் விட்டுவிடுகிற வளர்ச்சியை 40 வயதில் விட மாட்டார்கள்.

புதிய டாக்டரிடம் ஒருவழியாகக் கேட்டேன். அவர் என் ஃபைலின் முதல் பக்கத்தில் பேனாவால் மூன்று வரி எழுதினார். சுற்றிலும் வீக்கம் வந்தால். ஃபிட்ஸ் வந்தால். 30 மில்லிமீட்டரைத் தொட்டால். வருடத்துக்கு ஒன்றாக இருந்த ஸ்கேன் ஆறு மாதத்துக்கு ஒன்றாயிற்று. போன முறை எடுத்தது 25. அடுத்தது தை பிறந்ததும்.