பூசைக்கும் பஸ்ஸுக்கும் ஒரே சுடிதார்: அடக்கமாக உடுத்தத் தொடங்குபவர்களுக்கு

காலையில் பூசை, அது முடிந்ததும் நேராகக் களியக்காவிளை பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ. கேரள எல்லையை ஒட்டிய எங்கள் கன்னியாகுமரி மாவட்டப் பக்கத்தில் நிறைய கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. கோயிலுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள யாருக்கு நேரம்? இரண்டுக்கும் சரிப்படுகிற உடையை எப்படிப் பார்த்து எடுப்பது, கையில் இருப்பதை எப்படிச் சரிசெய்வது, தையல்காரரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. போட்டபின் அந்த உடையை மறந்துவிட முடிய வேண்டும். பூசையில் குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் கண் பீடத்தில் இல்லாமல், கை கழுத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தால் அந்த உடை சரியில்லை என்று அர்த்தம். அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி.

முதலில், திருச்சபை என்னதான் கேட்கிறது?

பலரும் நினைப்பதுபோல் இஞ்சுக் கணக்கு எதுவும் கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2521 முதல் 2524 வரையுள்ள எண்கள் அடக்கத்தைப் பற்றிப் பேசுகின்றன. அது ஒரு மனிதரின் அந்தரங்கத்தைக் காப்பது என்றும், அதன் வடிவம் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்றும்தான் அங்கே இருக்கிறது. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போக வேண்டுமானால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அது ஆணுக்கும் சேர்த்துத்தான். அரை டிராயரோடு வரும் அண்ணன்மாரையும் அங்கே உள்ளே விடுவதில்லை.

முக்காடு கட்டாயமா என்று கேட்பவர்களுக்கு: 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. எனவே போடுவது உங்கள் விருப்பம். ஆனால் எங்கள் எல்லைப் பகுதியில் இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என மூன்று வழிபாட்டு முறைக் கத்தோலிக்கக் கோயில்களும் ஒரே பஸ் ரூட்டில் வரும். மலங்கரா கோயிலில் தோழியின் கல்யாணம் என்றால் பையில் ஒரு ஷால் இருக்கட்டும். அங்கே பெண்கள் முக்காடு போட்டுத்தான் நிற்பார்கள். செருப்பையும் வெளியே விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. அடக்கம் என்றதும் 1 திமொத்தேயு 2:9-ஐ எடுத்துக் காட்டுவார்கள். அந்த வசனத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். பவுல் அங்கே பேர் சொல்லிக் குறிப்பிடுவது சடை அலங்காரம், பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை. கழுத்து இறக்கத்தைப் பற்றி முறைத்துப் பார்க்கும் அதே மாமி, கல்யாண வீட்டில் எத்தனை பவுன் போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். அந்த வசனம் அவருக்கும்தான். உடையை யோசிக்கும்போது நகையையும் விலையையும் சேர்த்தே யோசியுங்கள்.

இந்த மண்ணில் இதைப் பேசும்போது தோள்சீலைப் போராட்டத்தை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது. தெற்குத் திருவிதாங்கூரில் நம் பாட்டிமாரின் பாட்டிமார் மேலாடை போட்டதற்காக அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். 1859 ஜூலை 26-இல் மேலாடை போடலாம் என்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் அறிவிப்பு வந்தது. அதிலும்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. இங்கே உடம்பை மூடுவது பெண்கள் தாங்களே கேட்டு, போராடி வாங்கிய உரிமை. அதை இன்னொரு பெண்ணை மட்டம் தட்ட யாராவது எடுத்தால் எனக்குக் கோபம் வரும். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: சிலுவைப்பாதை சோதனை

அலமாரியில் இருப்பதையெல்லாம் கட்டிலில் போடுங்கள். ஒவ்வொன்றையும் போட்டு, கண்ணாடி முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி எழுங்கள். தபசுகால (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் 14 நிலைக்கும் இதைத்தான் செய்யப்போகிறோம். எழும்போது டாப்ஸின் முன்பக்கம் காலுக்கடியில் மாட்டி இழுக்கிறதா? பிறகு சம்மணமிட்டு உட்காருங்கள். கடற்கரைக் கோயில்கள் பலவற்றில் பெஞ்சு கிடையாது, தரைதான். அடுத்து, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கையை மேலே தூக்குங்கள். இடுப்பு தெரிகிறதா? கடைசியாக, செருப்பு வாரை மாட்டுவதுபோல் குனியுங்கள். கண்ணாடியில் உங்கள் கழுத்துப் பகுதியைப் பாருங்கள்.

முதுகுப்பக்கம் உங்களுக்குத் தெரியாது. தங்கச்சியிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்றும் ஒன்று எடுங்கள், வெளிச்சத்தில் துணி எவ்வளவு காட்டிக்கொடுக்கிறது என்று அப்போது புரியும்.

எல்லாவற்றிலும் தேறியது ஒரு பக்கம். ஏதோ ஒன்றில் மட்டும் தோற்றது இன்னொரு பக்கம். தோற்றதைத் தூக்கிப் போட வேண்டாம். முக்கால்வாசி உடைகளை அடுத்த இரண்டு படிகளில் காப்பாற்றிவிடலாம்.

படி 2: இறங்கிய கழுத்துக்கு ஒரு உள்துண்டு

அதிகம் வருகிற தொல்லை இதுதான். ரெடிமேட் டாப்ஸில் நேராக நிற்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும், குனிந்தால்தான் வினை. ஊக்குக் குத்திச் சமாளித்தால் துணி சுருங்கி, பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். உள்துண்டு வைப்பது ஒரு மாலை நேர வேலை.

டாப்ஸைப் போட்டுக்கொண்டு, கழுத்து வெட்டுக்கு உள்ளே ஒரு செய்தித்தாள் துண்டைச் செருகுங்கள். துண்டு எவ்வளவு உயரம் வர வேண்டும்? தொண்டைக்குழியிலிருந்து மூன்று விரல் கீழே என்று நான் வைப்பேன். உங்களுக்கு வசதியான இடத்தில் வையுங்கள். உத்தரியம் (நாடாவில் கோத்துக் கழுத்தில் போடும் சிறு புனிதத் துணித்துண்டு) போடுகிறவர்கள் அதன் நாடா உள்ளே அடங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். இப்போது அந்த உயரத்தில் ஒரு கோடும், கழுத்தின் ஓரத்தை ஒட்டி இன்னொரு கோடும் பேப்பர்மேல் பென்சிலால் வரையுங்கள்.

பேப்பரை எடுத்து, வரைந்த கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் கீழேயும் ஒரு இஞ்சு, மேலே முக்கால் இஞ்சு விட்டு வெட்டுங்கள். துணி காட்டனாக இருக்கட்டும். பேன்ட்டின் நிறத்திலோ ஷாலின் நிறத்திலோ எடுத்தால், தைக்கும்போதே வைத்த டிசைன் மாதிரித் தெரியும். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் பேப்பரை வைத்து இரட்டைத் துண்டாக வெட்டினால் தொங்காமல் விறைப்பாக நிற்கும். மடிப்பு மேல் ஓரமாக வரும்படி வையுங்கள். அப்போது மேலே விட்ட முக்கால் இஞ்சு தேவைப்படாது, வெட்டிவிடலாம். மற்ற மூன்று ஓரங்களையும் பிசிறு வராமல் மடித்துத் தையுங்கள்.

இனிதான் கவனம் வேண்டும். இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துவிட்டால் தலை நுழையாமல் போகலாம். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் தையுங்கள், மற்ற பக்கத்தில் இரண்டு டிச் பட்டன் வையுங்கள். கழுத்துக்கு உள்ளே திருப்பி அடித்திருக்கும் பட்டி இருக்கிறதல்லவா, ஊசி அதில் மட்டும் ஏறி இறங்க வேண்டும். வெளித்துணியைத் தொடக் கூடாது. ஒவ்வொரு தையலுக்கும் விரலை வெளிப்பக்கம் வைத்துக்கொண்டால், ஊசி முனை வெளியே வருகிறதா என்று விரலுக்கே தெரிந்துவிடும். வி கழுத்து என்றால் நுனியில் மூன்றாவதாக ஒரு பட்டன்.

படி 3: சைடு ஓப்பனும் கையும்

சைடு ஓப்பன் மிக மேலே தொடங்குவதால்தான் உட்கார்ந்தால் பக்கவாட்டில் விரிகிறது. போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். விரியும் இடத்தில் சாக்கால் குறி போட்டு, மேலிருந்து அதுவரை பின் தையல் போட்டு மூடுங்கள். முடிகிற இடத்தில் நான்கைந்து முறை ஒரே இடத்தில் குத்தி இறுக்குங்கள், இல்லாவிட்டால் பஸ் படியில் ஏறும்போது அங்கேதான் முதலில் கிழியும். முழுவதும் மூடிவிடாதீர்கள். நடை கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும்.

கை இல்லாத ரெடிமேட் டாப்ஸ் வாங்கியிருந்தால் உள்ளே தடவிப் பாருங்கள். பல கம்பெனிகள் கைத்துணியைத் தனியாக வெட்டி உள்ளே குத்தி வைத்திருக்கும். தையல்காரரிடம் கொடுத்தால் போதும்.

படி 4: ஷால், அப்புறம் முக்காடு

ஷாலைக் குறுக்கே நான்கு இஞ்சு அகலக் கொசுவமாக மடித்து, தோளில் வைத்து ஊக்குக் குத்துங்கள். ஊக்கில் முதலில் ஒரு சின்ன மணியைக் கோத்துவிடுங்கள். ஊக்கின் சுருள் பகுதிக்குள் துணி சிக்கிக் கிழிவதை அந்த மணி தடுக்கும். அறுந்த ஜெபமாலையின் மணிகள் வீட்டில் கிடக்கும், ஆனால் அதற்கு அவற்றை எடுக்காதீர்கள். பாசி மணிக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியின் பின்னால் உட்காருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொங்கும் ஷால் சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு நுனியையும் முன்னால் கொண்டுவந்து முடிந்து, மடியில் அமுக்கிக்கொள்ளுங்கள். இதில் மட்டும் அலங்காரம் பார்க்க வேண்டாம்.

முக்காடு போட விரும்பினால் காட்டன் ஷால்தான் நல்லது. ஷிஃபான் பட்டுப்பட்டென்று வழுக்கும், பூசை முழுக்க அதைச் சரிசெய்வதிலேயே போகும். தலையின் இரண்டு பக்கமும் டிக்டாக் கிளிப்பை உள்ளிருந்து மாட்டுங்கள். கல்லூரியில் யாராவது “என்ன, சிஸ்டர் ஆகப் போறியா?” என்று கேட்பார்கள். “கூப்பிட்டா போறேன்” என்று சொல்லிவிட்டு நடங்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

படி 5: துணி எடுக்கும்போது

மார்த்தாண்டத்திலோ திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலோ மீட்டர் துணி எடுப்பது ரெடிமேடைவிட எனக்குப் பிடிக்கும். 44 இஞ்சு பன்னா (அகலம்) உள்ள துணியில் முழங்காலுக்குக் கீழே வரும் டாப்ஸ், முக்கால் கையோடு தைக்க இரண்டரை மீட்டர் எடுங்கள். உயரம் அதிகம் என்றால் கடைக்காரரிடமே கேளுங்கள்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை: ஒற்றைத் துணிக்குப் பின்னால் உங்கள் கையை வையுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் லைனிங் தேவை. பாலராமபுரம் கைத்தறியில் சந்தன வெள்ளைத் துணி பார்க்க ஆசையாக இருக்கும், கசவுக் கரை வேறு. லைனிங் இல்லாமல் தைக்காதீர்கள். வெள்ளைக்கு உள்ளே வெள்ளை ஷிம்மி போட்டால் அதன் ஓரம் அப்படியே தெரியும். உங்கள் தோல் நிறத்தில் போட்டால் தெரியாது.

எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு மழைக்காலம். நனைந்த ரேயான் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், காட்டன் காயாது. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் பஸ்ஸுக்கு ஓடுபவர்கள், அடர்ந்த நிறத்தில் பூப்போட்ட கலப்புத் துணியில் இரண்டு செட் வைத்திருங்கள்.

காட்டன் என்றால் தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கட்டும். தைத்தபிறகு இரண்டு இஞ்சு ஏறினால் ஒன்றும் செய்ய முடியாது.

படி 6: தையல்காரரிடம் சொல்லும் விதம்

“கொஞ்சம் அடக்கமா தைச்சுத் தாங்க” என்றால் யாருக்கும் புரியாது. நன்றாகப் பொருந்துகிற ஒரு டாப்ஸை அளவுக்குக் கொடுத்து, மாற்ற வேண்டியதை இஞ்சில் சொல்லுங்கள்.

கழுத்து இறக்கத்தை எல்லோரும் சொல்வார்கள், அகலத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள். குனியும்போது விரிவதற்குப் பெரும்பாலும் அகலம்தான் காரணம். அகலத்தைக் குறைத்தால், இறக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கழுத்து உடம்போடு படிந்து நிற்கும். அடுத்தது அக்குள் பகுதி. அங்கே தாழ்வாக வெட்டினால் கையைத் தூக்கும்போதெல்லாம் முழு டாப்ஸும் மேலே ஏறும். “அக்குள் கிட்ட ஏத்தி வெட்டுங்க, ஆனா பிடிக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். பிடித்தால் சின்னச் சதுரத் துண்டு ஒன்று அங்கே வைக்கச் சொல்லலாம். தைத்தது போதாமல் போனால் பிரித்துவிட உள்ளே ஒரு இஞ்சு துணி விடச் சொல்லுங்கள்.

எங்கள் தையல் அக்கா கழுத்தைக் குறைக்கச் சொன்னால் முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார். “இதுக்கு மேல ஏத்துனா கிழவி மாதிரி இருக்கும் மக்கா” என்பார். அதற்கு வழி, கழுத்தைச் சுற்றி மெல்லிய பைப்பிங்கோ, சின்னக் காலரோ, முன்னால் நான்கு துணிப் பட்டனோ கேட்பது. அடக்கமாக உடுத்துவதற்கும் அழுமூஞ்சியாக உடுத்துவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நிறம், பூவேலை, உங்களுக்குப் பிடித்த வெட்டு எதையும் விட வேண்டியதில்லை.

வாங்கும்போது கடையிலேயே போட்டு, ஒருமுறை முழங்கால் போட்டுப் பாருங்கள். வெட்கமாக இருந்தால் திரைக்குப் பின்னால். கிறிஸ்துமஸுக்குத் தைப்பதாக இருந்தால் நவம்பர் முதல் வாரமே துணியைக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்தபின் கொண்டுபோனால் எந்தத் தையல்காரரும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்.