பிடித்த எழுத்தாளரின் ஆசான்களை வாசிப்பது எப்படி?

ஒரு எழுத்தாளரைப் பிடித்துப்போய் அவருடைய புத்தகமெல்லாம் வாசித்து முடித்துவிட்டால், அடுத்து அவர் யாரை வாசித்து வளர்ந்தார் என்று தேடிப் போவது நல்ல வேலை. ஆனால் கண்டபடி இறங்கினால் நாலு பக்கத்தோடு களைத்துவிடுவீர்கள்.

பேட்டிகளில் வரும் நீண்ட பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். பேட்டி என்று வந்தால் டால்ஸ்டாய் எல்லோர் வாயிலும் வருவார். உங்கள் எழுத்தாளர் யாரை மொழிபெயர்த்தார், யாருடைய நூலைப் பதிப்பித்தார், யாருக்கு முன்னுரை எழுதினார் என்று பாருங்கள். மாதக்கணக்கில் இன்னொருவரின் வரிகளோடு மல்லுக்கட்டியவர் அதிலிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் இருந்திருக்க மாட்டார்.

நம்ம கிழக்கிலங்கைப் பக்கத்து ஆளையே எடுப்போம், கவிஞர் கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமான். ஈழத்துக் கவிஞர் 'மஹாகவி' உருத்திரமூர்த்தியின் (பாரதி அல்ல) நூல்களைப் பதிப்பித்தவர், பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ஆகவே இரண்டு வழி கிடைத்துவிட்டது. மூன்றாவது வழி அதே வட்டாரத்துக் கவிஞர் நீலாவணன், பெரியநீலாவணைக்காரர். மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் போகும்போது கல்லாற்றைத் தாண்டினால் அவர் ஊர்தான், நம்மில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டே கடந்திருப்போம். அவருடைய 'வேளாண்மை' காவியத்தில் தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டாமல் வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலை செய்த ஒரு பெரியவரிடம் கேளுங்கள்.

மஹாகவியைக் கட்டாயம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். முதலில் யாப்பு, சீர் எதையும் யோசிக்காமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் கதை சொல்வதுபோல, பேச்சு நிற்கும் இடத்தில் நிறுத்தி வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது அடியில் மரபு யாப்பு குலையாமல் ஓடுவது காதில் விழும், வரிகளைத்தான் அவர் பேச்சோசைக்கு ஏற்ப உடைத்திருக்கிறார். அந்தச் சூடு ஆறுவதற்குள் நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' நெடுங்கவிதைகளை எடுத்தால், எங்கிருந்து புறப்பட்டார் என்பது யாரும் விளக்காமலே புரியும்.

அப்புறம் பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ். 'அடையாள அட்டை' கவிதையில் ஒருவன் அதிகாரியிடம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறான், அலங்காரம் இல்லை, கெஞ்சல் இல்லை. சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றிய நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனவில் புத்தர் சுடப்படுகிறார், தொண்ணூறாயிரம் புத்தகங்களால் அவர் மேனி மூடப்படுகிறது. எல்லாம் பொலிஸ் அறிக்கைபோல வறண்ட குரலில். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. குரலை உயர்த்தாமல் கோபப்படுவது எப்படி என்பதை இரண்டிலும் பார்க்கலாம்.

வாசிக்கும்போது ஒரு கொப்பியில் இரண்டு விஷயம் மட்டும் குறியுங்கள்: நம்மவர் எடுத்துக்கொண்டது எது, வேண்டாம் என்று விட்டது எது. இரண்டாவதுதான் சுவாரசியம். மஹாகவியின் குறும்பாவில் (லிமெரிக் போன்ற ஐந்தடி வேடிக்கைப் பாட்டு) இருக்கும் குறும்பு நுஃமானிடம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

புத்தகம் கடையில் சுலபமாகக் கிடைக்காது, அலையாதீர்கள். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய ஈழத்து நூல்கள் நிறைய இலவசமாக இருக்கின்றன. போனில் கவிதை வாசிப்பது கண்ணுக்குக் கஷ்டம், வேண்டிய பக்கங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பாரதியைக் கடைசிக்கு விடலாம். அவரிடமிருந்து எடுக்காத தமிழ்க் கவிஞர் இல்லை என்பதால், உங்கள் எழுத்தாளரைப் பற்றித் தனியாக எதுவும் அங்கே தெரியவராது.