தடை என்று செய்தி வந்ததும் சண்டைக்கு இறங்குவதற்கு முன்

ஆன்லைன் ரம்மிக்குத் தடை என்ற தலைப்பை 2020 நவம்பரில் படித்தோம், 2021 தொடக்கத்தில் படித்தோம், 2022 அக்டோபரில், 2023 ஏப்ரலில், அப்புறம் 2025 ஆகஸ்டில் டெல்லியிலிருந்தும் படித்தோம். ஒவ்வொரு தடவையும் அதே ஆட்கள் அதே சண்டையைப் போட்டார்கள். 'போன வருஷமே தடை பண்ணியாச்சே' என்று ஒருவர், 'கோர்ட் அனுமதிச்சிருச்சு, பேசாம இரு' என்று இன்னொருவர். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, அந்தத் தலைப்புகளும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு காகிதம்: ஒரு அவசரச் சட்டம், ஒரு சட்டம், இன்னொரு அவசரச் சட்டம், இன்னொரு சட்டம், கடைசியில் ஒரு நாடாளுமன்றச் சட்டம். தொழில்நுட்பமும் சட்டமும் சேர்ந்து வரும் செய்தி எதுவானாலும், எந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறோம், அது இன்றைக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கருத்துச் சொல்வது வீண் என்பது என் வாதம். தெரிந்துகொள்ள அரைமணி நேரம் போதும். எப்படி என்று இந்த ரம்மிக் கதையை வைத்தே சொல்கிறேன்.

செய்தியைப் படித்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இப்போது நடந்தது என்ன? அமைச்சரவை ஒப்புதல் என்றால் இன்னும் ஒரு வரிகூடச் சட்டமாகவில்லை. மசோதா தாக்கல் என்றால் சபையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிறைவேறிவிட்டது என்றால் ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தர வேண்டும். அது வெறும் சம்பிரதாயம்தானே என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவைச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றியது, 2023 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என்.ரவி திருப்பி அனுப்பினார், அதே மாதம் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில்தான் ஒப்புதல் வந்தது. இடையில் அவசரச் சட்டமும் காலாவதியாகியிருந்தது. 'தடை போட்டும் எப்படி விளம்பரம் வருது, போலீஸ் தூங்குதா' என்று அந்த மாதங்களில் கொதித்தவர்கள் நிறையப் பேர். போலீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடும்? கையில் ஒன்றும் இல்லை.

கையெழுத்து ஆகிவிட்டாலும் கதை முடியாது. எந்தச் சட்டமானாலும் முதல் பிரிவைப் பாருங்கள், 'அரசு அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும்' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். விதிகளின் வரைவு 2025 ஜனவரியில் வந்தது, இறுதி விதிகள் 2025 நவம்பரில், அதிலும் நிறுவனங்கள் மீதான முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அதனால் 2024-ல் ஏதோ ஒரு ஆப் நம் நம்பரை விற்றுவிட்டது என்று தெரிந்ததும் '250 கோடி வரைக்கும் அபராதம் போடலாம், சட்டம் இருக்கு' என்று எழுதியவர்கள் சட்டத்தைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள், காலண்டரைத்தான் பார்க்கவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் கிடைத்தது. அமலுக்கு வரும் தேதியை அறிவிப்பதற்கு முன்பே, சில நாட்களுக்குள், பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன, பணம் கட்டி, கற்பனை அணி அமைத்து ஆடும் டிரீம்11 ஆப் இந்திய கிரிக்கெட் அணியின் ஸ்பான்சர் இடத்திலிருந்தே விலகிக்கொண்டது. அமலுக்கு வந்துவிட்டதா என்பது ஒரு கேள்வி, விளைவு தொடங்கிவிட்டதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதிராளி ஒரே வரியில் உங்களை மடக்கிவிடுவார்.

நீதிமன்றச் செய்திக்கும் இதே சோதனைதான், இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கேட்கும் கேள்வியைக்கூட டிவியில் தீர்ப்பு மாதிரி பிளாஷ் போடுகிறார்கள். நீதிபதிகள் இரு தரப்பையும் சோதிப்பதற்காகக் காரமாகக் கேட்பது வழக்கம். அதில் கையெழுத்து இல்லை, யாரையும் கட்டுப்படுத்தாது. அடுத்து இடைக்கால உத்தரவு, அது இறுதித் தீர்ப்பு வரைதான் நிற்கும். தீர்ப்பே வந்துவிட்டாலும் பெரும்பான்மை எது, மாறுபட்ட தீர்ப்பு எது என்று பாருங்கள். 2018 ஆதார் வழக்கில் நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், நீதிபதி சந்திரசூட் மட்டும் எதிர்ப்பக்கம். அவர் எழுதியதிலிருந்து எடுத்து 'உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று போடுவதை இன்றும் பார்க்கலாம். அருமையான வாதம்தான், ஆனால் தோற்ற வாதம்.

இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: காவல் நிலையம் வரை அது போய்ச் சேர்ந்ததா? இணையத்தில் புண்படுத்தும் செய்தி போடுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. அதற்கப்புறமும் வருடக்கணக்கில் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன, 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, இதில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது. செத்த பிரிவு.

சரி, கட்டம் தெரிந்துவிட்டது. அடுத்தது மூலத்தைப் படிப்பது, இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஓடிவிடுகிறார்கள். மத்தியச் சட்டங்கள் அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, புத்தம் புதியது என்றால் மின்னரசிதழில் தேடலாம், மசோதாவுக்கு பி.ஆர்.எஸ். என்ற சட்ட ஆய்வு அமைப்பின் தளத்தில் மசோதாவும் சுருக்கமும் இருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழிலேயே கிடைக்கின்றன. முழுசாகப் படிக்கச் சொல்லவில்லை. நான் படிக்கும் வரிசை இது: முதல் பிரிவு, அதாவது எப்போது அமல். இரண்டாம் பிரிவு, அதாவது வரையறைகள். பிறகு தண்டனை. பிறகு விலக்குகள். கடைசியாகக் கடைசிப் பிரிவு. நடுவில் இருப்பதைத் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

வரையறையில்தான் எல்லாம் இருக்கிறது. ரம்மி திறன் விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்று பல வருஷமாக அடித்துக்கொண்டோம். 1968-லேயே உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சொல்லியிருந்தது, 1996-ல் சென்னை கிண்டி குதிரைப் பந்தய வழக்கிலும் திறமைதான் ஜெயித்தது. அந்த வழியில்தான் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டே, ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025 மத்தியச் சட்டத்தின் வரையறை என்ன செய்தது தெரியுமா? திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடினால் அது ஆன்லைன் பண விளையாட்டு என்று எழுதிவிட்டது. பழைய சண்டை மொத்தமும் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது. இதைப் படிக்காமல் 'ரம்மி திறன் விளையாட்டுதான், அதனால் இந்தத் தடை செல்லாது' என்று எழுதுபவர் இரண்டு சட்டத்துக்கு முந்தைய வாதத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: சூதாட்டம் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் போடும் விஷயங்களின் பட்டியலில், இருக்கும்போது இப்படி ஒரு சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா?

தண்டனைப் பிரிவும் அப்படித்தான். 'விளையாடினால் ஜெயிலா?' என்று ஒருவர் கேட்டால் உண்டு என்றும் இல்லை என்றும் பதில் வரும், இரண்டுமே சரியாக இருக்கும். தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. மத்தியச் சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனையே கிடையாது, நடத்துபவருக்கு மூன்று ஆண்டு, ஒரு கோடி ரூபாய் வரை, விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம் வரை. எந்தச் சட்டத்தைச் சொல்கிறீர்கள் என்று முதலில் எழுதினால் அந்தச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

கடைசிப் பிரிவை ஏன் படிக்கச் சொல்கிறேன் என்றால், வேறு சட்டங்களைத் திருத்தும் வேலையை அங்கேதான் வைப்பார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசிப் பிரிவான 44-ன் மூன்றாவது உட்பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)-வைத் திருத்துகிறது. முன்பு தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம் என்பதோடு நின்றுவிட்டது. எனக்கு இது மோசமான திருத்தம். ஆனால் இதை எதிர்த்து எழுதும்போது எதிர்த்தரப்பின் பலமான பதிலையும் நீங்களே எடுத்துவைக்க வேண்டும்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) அப்படியே இருக்கிறது, பொதுநலன் அதிகம் என்றால் தகவலைத் தர அது இன்னும் வழிவிடுகிறது என்பது அரசின் வாதம். அதைச் சொல்லிவிட்டு, அலுவலகத்தில் மனுவை வாங்கும் தகவல் அலுவலர் எந்த வரியைக் காட்டி மறுப்பார், எந்த வரியைத் தேடிப்போய்த் தருவார் என்று கேளுங்கள். அப்போதுதான் வாதம் நிற்கும். பலவீனமான பதிலை மட்டும் எடுத்து அடிப்பது சுலபம், அதில் யாரும் மனம் மாறப்போவதில்லை.

அடுத்து, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இது நல்லதா, இது அரசியல் சட்டப்படி செல்லுமா, இது நடைமுறையில் வேலை செய்யுமா, மூன்றும் வேறு வேறு. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் தடைச் சட்டத்தை ரத்து செய்தபோது 'நீதிமன்றம் சூதாட்டக் கம்பெனி பக்கம்' என்று கொந்தளிப்பு. தீர்ப்பு சொன்னது, ஒட்டுமொத்தத் தடை அளவுக்கு மீறியது, முறையான சட்டம் கொண்டுவர அரசுக்குத் தடையில்லை என்பதுதான். செல்லுமா என்ற கேள்விக்கு வந்த பதிலை நல்லதா என்ற கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதேயில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். மத்தியச் சட்டத்துக்கு முன்பு வந்த தமிழ்நாட்டு ஒழுங்குமுறைகளில் பண விளையாட்டுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை, ஆதார் சரிபார்ப்பு, கூடவே ஓடிபி. 2025 ஜூனில் உயர் நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. செல்லும், சரி. அப்பாவின் போன்தான் பையன் கையில் இருக்கிறது, அப்பாவின் ஆதாருக்கு வரும் ஓடிபியும் அந்தப் போனுக்கேதான் வரும். வெளிநாட்டு சர்வரில் ஓடும், ஏபிகே பைலாக, அதாவது ஆப் ஸ்டோருக்கு வெளியே நேரடியாகப் போனில் ஏற்றும் பைலாக, வாட்ஸாப்பில் வரும் ஆட்டத்துக்கு ஒழுங்குமுறையும் தெரியாது, 12 மணியும் தெரியாது. இதனால் சட்டமே வேண்டாம் என்று ஆகிவிடாது. யாரைப் பிடிக்கும், யாரை விட்டுவிடும் என்றாவது பேசலாம்.

எண்கள் வந்தால் ஒரு நிமிஷம் நின்று வகுத்துப் பாருங்கள். ஆன்லைன் பண விளையாட்டால் 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்ததாக மத்திய அரசு தன் மதிப்பீட்டைச் சொன்னது. இரண்டு எண்ணும் பயமுறுத்தும். வகுத்தால் தலைக்குச் சுமார் 444 ரூபாய். அப்படியானால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது, கோடிக்கணக்கானவர்கள் சில்லறை விட்டிருப்பார்கள், கொஞ்சம் பேர் வீட்டை விற்றிருப்பார்கள், சராசரி இரண்டு பேரையுமே மறைத்துவிடுகிறது. தடையை ஆதரிப்பவர் அந்தக் கொஞ்சம் பேரைப் பற்றிப் பேச வேண்டும், 45 கோடியைத் தூக்கிப் போடுவதால் அவர் வாதத்துக்கு எந்தப் பலமும் வராது.

எழுதும்போது தேதி போடுங்கள், பிரிவு எண் போடுங்கள், நீங்கள் படித்த காகிதத்தின் பெயரைப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து தீர்ப்பு வந்து நிலைமை மாறினால், பழையதை அழிக்காமல் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். வக்கீல் ஒருவர் வந்து திருத்தினால் அவர் சொல்வது எந்தப் பிரிவு என்று கேளுங்கள், சொல்லிவிட்டால் நன்றி சொல்லிப் படியுங்கள், 'பதினஞ்சு வருஷ அனுபவம்' என்று மட்டும் சொன்னால் விட்டுவிடலாம்.

அப்புறம், வரைவு விதிகள் வெளியாகும் நேரத்தில் சண்டையை விட ஒரு பக்கக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். தரவுப் பாதுகாப்பு வரைவுக்கு முதலில் 2025 பிப்ரவரி 18 வரை கருத்துக் கேட்டார்கள், பிறகு மார்ச் 5 வரை நீட்டித்தார்கள். கோபத்தை எழுத வேண்டாம். விதி எண், அதில் எந்த வரி, அதனால் யாருக்கு என்ன ஆகும், அதற்குப் பதிலாக என்ன வாசகம் வைக்கலாம், இவ்வளவுதான். அந்தத் தடவை வந்த கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று அமைச்சகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது, அதனால் அனுப்பும் கடிதத்தின் நகலை நீங்களே பொதுவில் போட்டுவிடுங்கள், இறுதி விதி வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.