துறைமுகத்துக்குக் கௌரவத் தூதர் தேடும்போது

பாரிமுனையில் ஒரு கௌரவத் தூதரின் அலுவலகத்தில் 22 வருடம் செயலாளராக இருந்தேன். சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஒரு வெளிநாட்டுக்காக இங்கே தூதரக வேலையும் பார்ப்பவர்தான் கௌரவத் தூதர். சின்ன நாடுகள் தங்கள் கப்பலையும் சரக்கையும் கவனிக்கச் சென்னையில் யாரைப் போடலாம் என்று இங்குள்ள வியாபாரிகளைத்தான் கேட்பார்கள். உங்களைக் கேட்டால் இதையெல்லாம் பாருங்கள்.

முதலில் ஆள். அவருக்குப் பங்களா இருக்கிறதா என்பது முக்கியமில்லை, ராத்திரி 2 மணிக்குப் போனை எடுப்பாரா என்பதுதான் முக்கியம். ஒரு டிசம்பர் ஞாயிறு காலை, புயலில் அடிபட்டு வந்த கப்பலின் கேப்டன் எங்கள் படியேறினார். கையில் கப்பலின் பயணப் பதிவேடான லாக் புக், அட்டையின் ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. சரக்கு நனைந்தது கடலால்தான், தன் கவனக்குறைவால் இல்லை என்று அவர் தூதர் முன்னால் சீக்கிரம் பதிவு செய்தாக வேண்டும். இதை நோட் ஆஃப் புரொடெஸ்ட் என்பார்கள். தள்ளிப்போட்டால் இன்சூரன்ஸில் கேள்வி வரும். எங்கள் தூதரோ ஊரில் இல்லை, கையெழுத்துப் போட எனக்கு அதிகாரமில்லை. பெஞ்சில் கேப்டன் காத்திருந்த அந்த இரண்டு மணி நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கடைசியில் ஒரு நோட்டரியைத் தேடிப்பிடித்தேன். அதனால் தூதர் வெளியூர் போனால் பொறுப்பு யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கி, டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்துக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காகிதம். அந்த நாடு தரும் நியமனப் பத்திரம் பாதிதான். தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கைப்படி, இந்தியா எக்ஸிக்வேட்டர் என்கிற அனுமதியைத் தந்த பிறகே முழுப் பொறுப்பு. ஆள் இந்தியக் குடிமகன் என்றால் இந்தியாவின் வெளிப்படையான சம்மதமும் வேண்டும். இது வெறும் சடங்கில்லை. 1792ல் அமெரிக்க அதிபர் வாஷிங்டன் கல்கத்தாவுக்குத் தூதராக நியமித்த பெஞ்சமின் ஜாய் 1794ல் வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தூதராக ஏற்கவே இல்லை, வணிக முகவராக இருந்துகொள்ளலாம் என்றது. அங்கீகாரம் வரும்வரை போர்டு மாட்ட விடாதீர்கள்.

உள்ளூர் நீதிமன்ற வழக்கிலிருந்து காக்கும் விலக்குரிமைக்கு ஆசைப்பட்டு வருபவரைத் தவிர்த்துவிடுங்கள். கௌரவத் தூதருக்கு அது அலுவல் காரியத்துக்கு மட்டும்தான், சொந்த வியாபாரத்துக்குக் கிடையாது. தூதரகக் காகிதங்களும் சொந்தக் காகிதங்களோடு கலக்காமல் தனியாக இருந்தால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. எங்கள் அலுவலகத்தில் முதலாளியின் பில், ரசீதுக்கு மர அலமாரி. தூதரகக் கோப்புகளுக்குப் பச்சை இரும்பு பீரோ, அதன் சாவி என் கைப்பையில்.