இணைகோட்டு நிரூபணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இவ்விரு கோடுகளும் இணை என நிரூபி" என்று கேள்வி வரும். விடைத்தாளில் முதல் வரியே இப்படி இருக்கும்: கோணம் 3 = கோணம் 5, காரணம் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் (இரு கோடுகளுக்கு இடையே, அவற்றை வெட்டும் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை). அவை எப்போது சமம்? கோடுகள் இணையாக இருந்தால்தானே! நிரூபிக்க வேண்டியதையே காரணமாக எழுதியாயிற்று. அதன் பிறகு எத்தனை வரி சரியாக எழுதினாலும் அது நிரூபணம் ஆகாது.

இங்கே இருப்பவை இரண்டு தேற்றங்கள், ஒன்று மற்றதன் மறுதலை: ஒன்றில் கொடுக்கப்பட்டது மற்றதில் நிரூபிக்க வேண்டியது. பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் 'எலிமெண்ட்ஸ்' முதல் புத்தகத்தில் இவற்றைப் பிரித்தே வைத்தார். 27, 28ஆம் தேற்றங்கள் கோணத்திலிருந்து இணைகோட்டுக்குப் போகின்றன. 29ஆவது இணைகோட்டிலிருந்து கோணத்துக்கு வருகிறது. இணைகோடுகள் பற்றி நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்ட தம் ஐந்தாம் எடுகோளை அவர் முதன்முதலில் பயன்படுத்துவது 29இல்தான். முந்தைய இரண்டுக்கும் அது தேவைப்படவில்லை. அவ்வளவு வேறுபாடு இருக்கிறது. எனவே 'இணை' என்பது கொடுக்கப்பட்டதில் இருக்கிறதா, நிரூபிக்க வேண்டியதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரூபிக்க வேண்டியதில் இருந்தால், கோணங்களின் சமத்துவம் வேறு வழியில் வர வேண்டும்: குத்தெதிர்க் கோணங்கள், சர்வசம முக்கோணங்கள், கொடுக்கப்பட்ட அளவுகள்.

அடுத்தது, மூலைவிட்டம் வரும் கணக்குகள். கசடத என்ற சரிவகத்தில் கச, தட மட்டுமே இணை, கட மூலைவிட்டம். கோணம் சகட = கோணம் தடக என்பது சரி. பலர் கோணம் சடக = கோணம் தகட என்றும் எழுதிவிடுகிறார்கள். அதற்குச் சட, கத இணையாக இருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்லவில்லை. இரண்டு கோணங்களுக்கும் பொதுவான கரத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். அதுதான் குறுக்குவெட்டி, அதாவது மற்ற இரு கோடுகளையும் வெட்டும் கோடு. மிஞ்சும் இரு கரங்களும் இணையா என்பதே கேள்வி.

குறுக்குவெட்டியின் ஒரே பக்க உட்கோணங்களைச் சமம் என்று எழுதுவதும் உண்டு. கோடுகள் இணையானால் அவற்றின் கூடுதல்தான் 180°. அப்புறம், படத்தில் இணையாகத் தெரிவதை நம்பவே வேண்டாம். அம்புக்குறியோ கொடுக்கப்பட்ட வரியோ இல்லாவிட்டால் அது இணை என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என நிரூபிக்கும்போது, உச்சி வழியாக ஒரு கோடு வரைவோம். அது அடிப்பக்கத்துக்கு இணை என்பதை 'அமைப்பு' பகுதியிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், கீழே எழுதும் ஒன்றுவிட்ட கோணங்களுக்குக் காரணமே கிடையாது.