வீட்டுக் காப்பிக்கு மாதம் எவ்வளவு? காலிப் பாக்கெட்டை வைத்துக் கணக்குப் போடும் முறை

2025 பிப்ரவரியில் எங்கள் வீட்டில் காப்பித்தூளுக்கு 96 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செலவு. மார்ச்சில் ஒரு காசுகூட இல்லை. இரண்டு மாதமும் அதே மூன்று பேர், நாளுக்கு அதே ஐந்து தம்ளர். மார்ச் கடைசியில் கணக்கைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டபோது, வீட்டுக்காரர் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தம்ளரைத் தூக்கிக் காட்டினார். "அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?"

நடந்தது இதுதான். அந்தப் பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா கொட்டை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் அதற்கு முந்தைய ஆண்டு அடித்த வறட்சிதான் பெரிய காரணம். செய்தியைப் படித்த பதற்றத்தில் பினாங்கில் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போய், லெபோ பசார் தெருவில் அரைக்கிலோ பாக்கெட் 24 வெள்ளி வீதம் நான்கை வாங்கி அடுக்கிவிட்டேன். அதைக் குடித்துத் தீர்க்க ஏப்ரல் ஆகிவிட்டது.

இதில் எனக்கு வெட்கம் அதிகம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கையிருப்புக் கணக்குப் பார்ப்பது என் வேலை. வாங்கிய சரக்கு வேறு, செலவான சரக்கு வேறு என்று நாள் முழுதும் மற்றவர்களுக்குச் சொல்கிறவள், ஜெலுத்தோங்கில் வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிட்டேன்.

டிகாஷன் போடுவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாமலா இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள்?

தேவையானவை

ஒரு 555 புத்தகம். ஆம், அந்தக் காலத்து மளிகைக்கடையில் கடன் எழுதிய அதே சின்னப் புத்தகம்தான். கைப்பேசிச் செயலி வேண்டாம் என்பது என் பிடிவாதம். மூன்று செயலிகளை முயன்றேன், மூன்றும் "இன்று எவ்வளவு செலவழித்தீர்கள்?" என்றே கேட்டன. காப்பிக்குக் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. மேலும், அத்தை என் கைப்பேசியைத் தொடமாட்டார். 555 புத்தகத்தில் கோடு போடச் சொன்னால் போடுவார்.

மாஸ்கிங் டேப், அழியாத மை மார்க்கர் ஒன்று. சமையலறைத் தராசு இருந்தால் ஒரே ஓர் இடத்தில் உதவும். இல்லாவிட்டால் இதற்காக வாங்காதீர்கள்.

முதல் படி: திறந்த நாளை எழுதுங்கள்

கடையில் வாங்கிய நாள் நமக்கு வேண்டாம். பாக்கெட்டைக் கத்தரிக்கும் அன்று டேப்பில் தேதியையும் விலையையும் எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள். காலியான அன்று அதே டேப்பைப் பிய்த்து 555 புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் முடிந்த தேதியை எழுதுங்கள். விலையை நாட்களால் வகுத்தால் ஒரு நாள் செலவு. அதை முப்பதால் பெருக்கினால் ஒரு மாதம்.

எங்கள் வீட்டில் இப்போதைய பாக்கெட் 27 வெள்ளி. 15 நாள் வருகிறது. நாளுக்கு 1 வெள்ளி 80 காசு, மாதத்துக்கு 54 வெள்ளி.

சுலபமாகத் தெரிகிறதல்லவா? எனக்கு முதல் பாக்கெட்டிலேயே குழம்பியது. டின்னில் நான்கு விரல் தூள் மிச்சம் இருக்கும்போதே அத்தை அடுத்த பாக்கெட்டை அதன் மேல் கொட்டிவிட்டார். நல்ல குடும்பப் பழக்கம். டின் காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. ஆனால் பழையது எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இரண்டு டின் வைத்துப் பார்த்தேன்; இரண்டையும் நிரப்பிவிட்டார்.

கடைசியில் தூளை டின்னில் கொட்டுவதையே நிறுத்தினேன். பாக்கெட்டின் வாயைச் சுருட்டிக் கிளிப் மாட்டி, பாக்கெட்டோடு டின்னுக்குள் இறக்கிவிடுகிறேன். பினாங்கின் ஈரக்காற்றில் தூள் கட்டிபிடிக்காமலும் இருக்கிறது, கணக்கும் நிற்கிறது. (தூளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறவர்களோடு நான் வாதிடுவதில்லை. வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரம் உள்ளே போகிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.)

"ஒரு தம்ளருக்கு இத்தனை கரண்டி, ஒரு கரண்டி இத்தனை கிராம் என்று பெருக்கிவிடலாமே?" என்று கேட்பீர்கள். செய்து பார்த்துவிட்டேன். தராசில் வைத்தபோது என் கரண்டி 7 கிராம், அதே கரண்டியில் அத்தை அள்ளியது 10 கிராம். யார் எந்த வேளை போட்டார்கள் என்று யார் எழுதுவது? கரண்டி பொய் சொல்லும்; காலிப் பாக்கெட் சொல்லாது.

இரண்டாம் படி: பால்

இங்கேதான் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

காப்பித்தூள் காப்பிக்கு மட்டுமே. பால் அப்படியல்ல. எங்கள் வீட்டில் ஒரே பால் பெட்டி காப்பிக்கும் போகிறது, தயிருக்கும் போகிறது. பெட்டி காலியான நாளை மட்டும் எழுதினால் தயிரின் செலவும் காப்பியின் தலையில் விழும்.

முதலில், ஒரு லிட்டர் பெட்டியில் மார்க்கரால் "காப்பி" என்று கொட்டை எழுத்தில் எழுதி, ஒரு வாரத்துக்கு இதை யாரும் வேறெதற்கும் தொடக்கூடாது என்று அறிவித்தேன். மூன்றாம் நாள் அதிலிருந்து தயிருக்கு உறை ஊற்றியிருந்தது. "அந்தப் பெட்டியில் பால் தீர்ந்துவிட்டதம்மா, இதில் இருந்தது" என்றார் அத்தை. எழுதியதைப் பார்க்கவில்லையா என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அடுத்து, காப்பிக்கு ஊற்றும் பாலை ஒவ்வொரு முறையும் அளவுக் கோப்பையில் அளந்து எழுதும் திட்டம். நாளுக்கு ஐந்து முறை. முதல் நாள் ஐந்தும் எழுதினோம், இரண்டாம் நாள் மூன்று, மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. காலை ஆறரை மணிக்கு, பினாங்குப் பாலம் ஏறப் பஸ் பிடிக்க ஓடுகிற மனிதரிடம் அளவுக் கோப்பையை நீட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கணக்கைத் தலைகீழாகப் பிடித்தபோதுதான் வழி பிறந்தது. காப்பி ஐந்து முறை நடக்கிறது, தயிர் இரண்டு நாளுக்கு ஒருமுறை. அடிக்கடி நடப்பதை எழுதாதீர்கள். எப்போதாவது நடப்பதை எழுதிக் கழித்துவிடுங்கள். உறை ஊற்றும் பாத்திரம் சரியாக அரை லிட்டர் கொள்ளும். ஊற்றும் அன்று 555 புத்தகத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

15 நாளில் காலியான பெட்டிகள் 11. கோடுகள் 7, அதாவது மூன்றரை லிட்டர் தயிருக்கு. மிச்சம் ஏழரை லிட்டர் காப்பிக்கு. பெட்டி 7 வெள்ளி 80 காசு. ஆக 58 வெள்ளி 50 காசு. மாதத்துக்கு 117 வெள்ளி.

இந்த எண்ணைப் பார்த்தபின் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். தூளுக்கு 54, பாலுக்கு 117. தூளில் 3 வெள்ளி குறைக்க லெபோ பசாரில் கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். பால் பெட்டியின் விலையை ஒருநாளும் பார்த்ததில்லை.

மூன்றாம் படி: சீனியும் கேஸும்

இவற்றை ஒருமுறை கணக்கிட்டு மறந்துவிடலாம். சாதாரண வெள்ளைச் சீனிக்கு அரசு விலை கிலோ 2 வெள்ளி 85 காசு. அத்தைக்கு இனிப்பு நீர் (நீரிழிவு); சீனி போடுவதில்லை. மற்ற நான்கு தம்ளருக்கும் சேர்த்து எங்களுக்கு மாதம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. 3 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

14 கிலோ கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) மானிய விலை 26 வெள்ளி 60 காசு. வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும் கூலி தனி. நாளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான நீரையும் பாலையும் காய்ச்ச, அடுப்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், 13 கிராம் கேஸ் போதும். மாதம் முழுவதற்கும் ஒரு வெள்ளிகூட ஆகவில்லை. மின்கெண்டி வைத்திருப்பவர்களுக்கு: ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 0.1 யூனிட் மின்சாரம். இதில் மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்வேலை.

நான்காம் படி: கூட்டுங்கள்

54, 117, 3, 1. மொத்தம் 175 வெள்ளி. நாளுக்கு ஐந்து வீதம் 150 தம்ளர். ஒன்றுக்கு 1 வெள்ளி 17 காசு. எங்கள் பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு காப்பி 2 வெள்ளி 40 காசு. வீட்டுக் காப்பி பாதிக்குப் பாதிதான். ஆனால் நான் மனத்தில் வைத்திருந்தது "ஐம்பது வெள்ளி இருக்கும்" என்பது. அந்த ஐம்பது தூள் மட்டும்தான்.

தூளைப் பற்றி ஒரு கிளைக்கதை

இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் காப்பி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்ற விகிதம் அச்சிட்டிருக்கும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது அங்குள்ள விதி. 60:40 பாக்கெட் 27 வெள்ளி, 80:20 பாக்கெட் 32 வெள்ளி என்றால் எது மலிவு? காப்பியை மட்டும் பார்த்தால் முதலாவதில் 300 கிராம், இரண்டாவதில் 400 கிராம். நூறு கிராம் காப்பி முதலாவதில் 9 வெள்ளி, இரண்டாவதில் 8. புத்திசாலித்தனமாக 80:20 வாங்கினேன்.

13 நாளில் தீர்ந்துவிட்டது. சிக்கரி குறைந்ததால் டிகாஷன் கறுப்பாக இறங்கவில்லை என்று அத்தை கூடுதலாக ஒரு கரண்டி போட்டிருக்கிறார். நாளுக்கு 2 வெள்ளி 46 காசு. மறுபடி 60:40க்கே திரும்பினேன். ருசியில் 80:20தான் மேல் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன், வீட்டில் சொல்வதில்லை.

உள்ளூர்க் கோப்பித்தூள் வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது இங்குள்ள பழைய முறை. அந்தக் கறுப்பும் வாசமும் அதனால்தான். ஆனால் கிலோக் கணக்கில் நீங்கள் சீனிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

பிற்சேர்க்கை 1

டின் பால் (கெட்டிப்பால்) ஊற்றிக் குடிக்கிறவர்களை மறந்துவிட்டேன் என்று ஒரு வாசகி கண்டித்திருக்கிறார். அவர் வீட்டில் ஒரே டின் கோப்பிக்கும் தேநீருக்கும். இங்கே கழித்தல் முறை செல்லாது. இரண்டுமே தினம் நடப்பவை. தராசு உதவும் ஒரே இடம் இதுதான். ஒருமுறை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் டின்னை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி என்றால் ஏறக்குறைய 40 கிராம் குறையும். 500 கிராம் டின்னில் பன்னிரண்டு தடவை வரும். பிறகு கோப்பிக்கு மட்டும் கோடு போட்டால் போதும். தேநீர் மிச்சத்தில் தானாக வந்துவிடும்.

பிற்சேர்க்கை 2

வீட்டிலிருந்து மூன்று-இன்-ஒன் காப்பிப் பொட்டலங்களைக் கணவர் அலுவலகத்துக்கு எடுத்துப்போகிறார், அது வீட்டுச் செலவா என்று இன்னொரு வாசகியின் கேள்வி. வீட்டுப் பணத்தில் வாங்கியது வீட்டுக் காப்பி. எந்த நாற்காலியில் உட்கார்ந்து குடித்தாலும் சரி. பொட்டலத்தை எண்ணுவது எளிது, பையைத் திறந்த நாளும் முடிந்த நாளும் போதும். இதற்கும் நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

கேப்சூல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இயந்திரத்தின் விலையை 36 மாதத்தால் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். 540 வெள்ளி இயந்திரம் என்றால் மாதம் 15 வெள்ளி. எங்கள் எவர்சில்வர் பில்டருக்கு நான் எதுவும் சேர்க்கவில்லை. அது கல்யாணத்துக்கு வந்தது.

பிற்சேர்க்கை 3

நாத்தனார் கோயம்புத்தூரிலிருந்து வரும்போது ஒரு கிலோ தூள் கொண்டுவந்தார். இலவசமாக வந்ததற்கு என்ன விலை போடுவது? சைபர் போட்டால் அந்த மாதம் நாங்கள் காப்பியே குடிக்காதது போலாகிவிடும். மார்ச் மாதக் கூத்து மறுபடி. இங்கே அதே தூள் என்ன விலையோ அதைப் பென்சிலால் எழுதுகிறேன், கையிலிருந்து போன பணத்தைப் பேனாவால் எழுதுகிறேன். மொத்தம் கூட்டும்போது பேனாவை மட்டும் கூட்டுவேன். அடுத்த மாதத்துக்குப் பணம் ஒதுக்கும்போது இரண்டையும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குத் தனிப் பக்கம். சென்ற முறை அன்று ஒரே நாளில் முக்கால் பாக்கெட் காலியானது. அந்தப் பாக்கெட்டின் டேப்பை மட்டும் புத்தகத்தின் கடைசி அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன், நாட்களால் வகுக்கவில்லை.